பெத்த புள்ளய விட்டுட்டுப் போறவ: இத சொல்றது எங்கம்மா

கொழுந்துக்கூடை (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 10.40

இங்க வாசிக்கிறதோட சரி, இதுவரைக்கும் எழுதினதில்ல. எங்க வீட்டுச் சண்டைக்கு யாருகிட்ட நியாயம் கேக்கிறதுன்னு தெரியாமத்தான் எழுதுறேன்.

எங்களுக்கு இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கம், தேயிலைத் தோட்டம். தம்பி பொஞ்சாதி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் போறா. ரெண்டு வருச அக்ரிமென்ட். மகனுக்கு மூணு வயசு முடிஞ்சிருச்சு. தம்பி த்ரீவீல் ஓட்டுறான், லீசிங் கட்டி முடியல. மூணு மாசம் கட்டலன்னா வண்டிய வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க.

இதுக்கு வீட்டுல யாரு எதிர்ப்புன்னு நினைக்கிறீங்க? எங்கம்மா. "பெத்த புள்ளய விட்டுட்டுப் போறவ ஒரு பொம்பளையா"ன்னு அவ காதுல விழுற மாதிரியே சொல்றாங்க.

எங்கம்மா 2001ல சவுதிக்குப் போனவங்க. எனக்கு அஞ்சு வயசு, தம்பிக்கு ரெண்டு. அப்ப தோட்டத்துல ஒரு நாள் பேருக்கு, அதான் நாள் கூலிக்கு, நூத்திச் சொச்சம் ரூவாதான். அம்மாவுக்கு சவுதியில மாசம் 400 ரியால். நாலு அக்ரிமென்ட் முடிச்சு 2010லதான் வந்து நின்னாங்க. போனது ராத்திரி மூணு மணிக்கு. நாங்க தூங்கிட்டு இருந்தோம். விடிஞ்சு பாத்தா அம்மா படுக்கிற எடத்துல அவங்க கம்பளி மட்டும் மடிச்சு இருந்துச்சு. அதுக்கப்புறம் நாலஞ்சு வருசம் அப்பா சாரத்து நுனியக் கையில சுத்திக்கிட்டுத்தான் படுப்பேன். யாரும் எழும்புனா தெரியணும்ல.

மாசத்துல மொத வெள்ளிக்கெழம டவுன் கொமியூனிகேஷன் கடைக்குப் போவோம். அம்மா பேசுவாங்க. "சாப்டியா? என்ன சாப்ட்ட? தம்பி என்ன சாப்ட்டான்?" இதுலயே நேரம் போயிரும். நான் ரிசீவரப் புடிச்சிக்கிட்டு பேசாம நிப்பேன். கடக்காரர் கண்ணு சுவத்து மணிக்கூட்டுலயே இருக்கும்.

2003ல லீவுல வந்தப்போ தம்பி அம்மாவ "ஆன்ட்டி"ன்னு கூப்ட்டான். அவங்க ஊட்டுன சோத்த வாயில வச்சிக்கிட்டு முழுங்காம அப்பாவப் பாத்தான்.

அப்பா தங்கமானவரு. குடிக்க மாட்டாரு. ஃபேக்டரியில வேல. காலையில ரொட்டி சுட்டு, எனக்கு ரெட்டச் சட பின்னி, ரிப்பன் கட்டி அனுப்புவாரு. கோயில் பூசாரி அவருக்கு "தாயுமானவரு"ன்னே பேரு வச்சிட்டாரு. எங்க லயத்து வீட்டு வரிசையே அப்படிக் கூப்ட்டுச்சு. அதே லயத்துல அம்மாவுக்கு என்ன பேருன்னு சொல்லத் தேவையில்ல. நான் ஏஎல் பரீட்ச எழுதினது, டவுனுக்குக் கிட்ட பத்து பேர்ச் காணி வாங்கினது எல்லாம் அந்த ரியால்லதான். ஆனா எனக்கு மாப்பிள்ள பாத்தப்போ மொதக் கேள்வி, "அம்மா வெளிய போனவங்களாமே?" ரெண்டு எடம் அதோட தட்டிப் போச்சு.

எங்கம்மா முதுகுக்குப் பின்னால எத்தன வருசம் கேட்ட வார்த்த இது. இப்ப அவங்க வாயிலேயே வருது. எனக்கும் அவங்க மேல பழைய கோவம் ஒண்ணு அப்படியே கெடக்கு, பொய் சொல்லல. ஆனா அந்தப் புள்ளைய இப்படிப் பேச எங்கம்மாவுக்கு எப்படி மனசு வருது?

—

நடுச்சாமம்
ஞாயிறு, இரவு 11.15

கம்பளி மடிச்சு இருந்துச்சுன்னு வாசிச்சதும் கீழ எழுதியிருந்தது எதுவும் தலையில ஏறல. நாளைக்கு வர்றேன்.

—

சுண்ணக்கட்டி
திங்கள், காலை 6.20

சகோதரி, நான் பதினாறு வருடமாக ஆசிரியர். மட்டக்களப்பு மாவட்டம். நான் எழுதுவது இங்கே சிலருக்குப் பிடிக்காது.

உங்கள் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இப்போது என் வகுப்பில் தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நான்கு பேர். அதில் ஒருத்திக்குப் பதின்மூன்று வயது. வாரத்தில் இரண்டு நாள்தான் பள்ளிக்கூடம் வருகிறாள். வரும் நாளிலும் முதல் பாடத்துக்கு வரமாட்டாள். தம்பிமார் இருவரைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டு வரவேண்டும். ஒருநாள் கொப்பியைத் திறந்தேன், நடுப்பக்கத்தில் கடைச்சாமான் கணக்கு. பருப்பு, தேங்காய், சவர்க்காரம். தாய் போனதும் அந்த இடத்துக்கு மூத்த பெண்பிள்ளை வந்துவிடுகிறாள். இதைவிட மோசமானவையும் இந்தப் பதினாறு வருடத்தில் என் காதுக்கு வந்திருக்கின்றன. அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

தியாகம், ரியால், காணி எல்லாம் சரி. பிள்ளைக்கு என்ன ஆனது என்பதை யாராவது எழுதத்தானே வேண்டும்.

—

ஏழாம் நம்பர் லயம்
திங்கள், காலை 9.05

சேர், ஒங்க மாணவி கதையில ஒரு ஆள் இல்லயே, கவனிச்சீங்களா? அந்தப் புள்ளையோட அப்பா எங்க? வீட்டுலதான இருக்காரு? தாய் போன எடத்துக்குப் பதின்மூணு வயசுப் பொம்பளப்புள்ள வர்றா, நாப்பது வயசு ஆம்பள வரல. இதுக்குக் குத்தம் குவைத்துல இருக்கிறவ மேலயா?

இன்னொண்ணு. நானும் மலையகந்தான். எங்கள்ல அம்மாகிட்ட முழுசா வளந்தது யாரு? பிரசவ லீவு பன்னெண்டு கிழமதான். அது முடிஞ்ச மறுநாளே புள்ளைய சேலையில சுத்தித் தூக்கிட்டுப் போயி பிள்ளைக் காம்பராவுல, அதான் தோட்டத்துல புள்ளைங்களப் பாத்துக்கிற எடத்துல, போட்டுட்டு மலைக்கு ஏறணும். பால் கொடுக்க எறங்கி வரணும்னா கங்காணி மொகத்தப் பாக்கணும். லேட்டாப் போனா அரைப் பேர். 1867ல லூல்கந்துரையில தேயிலை போட்ட நாள்லருந்து நம்ம பொம்பளைங்க புள்ளைய எறக்கி வச்சிட்டுத்தான் கூடைய மாட்டுனாங்க. அப்ப ஒருத்தனாச்சும் "புள்ளய விட்டுட்டுப் போறா"ன்னு சொன்னானா? தொரைக்குக் கொழுந்து வந்துச்சு, யாரு வாயும் தெறக்கல. அதே பொம்பள தன் சம்பளத்துக்குன்னு பிளேன் ஏறினதும் பாசம், பண்பாடுன்னு எல்லாம் ஞாபகம் வந்துருது.

—

சுண்ணக்கட்டி
திங்கள், மதியம் 1.30

தகப்பன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதை நான் எழுதியிருக்க வேண்டும். அவர் பகலில் வாடியில் இருப்பார், மாலையில் வேறு இடத்தில். கூட்டத்துக்குக் கடிதம் அனுப்பினால் அந்தப் பிள்ளைதான் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வருகிறாள்.

பிள்ளைக் காம்பராவையும் குவைத்தையும் ஒன்றாக வைப்பதை மட்டும் ஏற்க மாட்டேன். மலைக்குப் போனவள் சாயந்தரம் வந்துவிடுவாள்.

—

பனிக்குளத்தான்
திங்கள், மாலை 5.50

நான் கனடாவில. 1985ல என்ர அப்பா ஜேர்மனிக்கு வெளிக்கிட்டவர். எனக்கு மூண்டு வயசு, தங்கச்சி வயித்துக்குள்ள. திரும்ப அவரைப் பாத்தது 1994ல. ஒம்பது வருசம். கொழுந்துக்கூடையின்ர அம்மா போன கணக்கும் அதேதான்.

யாழ்ப்பாணத்தில ஒரு சனமும் "பெத்த பிள்ளையளை விட்டிட்டுப் போனவன்" எண்டு சொல்லேல்ல. "தகப்பன் ஜேர்மனியில" எண்டுதான் சொல்லுவினம், அதுவும் கொஞ்சம் மரியாதையோட. தங்கச்சியின்ர சாமத்தியவீட்டு அல்பத்தில அப்பா இல்லை. அது ஒருத்தருக்கும் குறையாத் தெரியேல்ல. அம்மா தனியச் செய்து முடிச்சதையும் ஒருத்தரும் "தந்தையுமானவள்" எண்டு சொல்லேல்ல. அப்பிடி ஒரு சொல்லே எங்களிட்டை இல்லை எண்டது இந்த இழையை வாசிக்கேக்கைதான் எனக்கு உறைச்சது.

போர் வேற, வறுமை வேற எண்டு ஆரும் வரப்போயினம். வாங்கோ. நான் சொல்லுறது போன காரணத்தை இல்லை, ஊர் வச்ச பேரை.

—

இரும்புத்திரை
திங்கள், இரவு 8.12

என்ன இருந்தாலும் தாய் தாய்தான். நாய்கூட குட்டிய விட்டுட்டுப் போகாது. இதுங்க அங்க போயி என்ன வேலை பாக்குதுங்கன்னு எல்லாருக்கும்

[மீதி நீக்கப்பட்டது. நெறியாளர்: ஒருமுறைதான் சொல்வேன். இந்த இழையில் எழுதுபவர்களில் அப்படிப் போய் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.]

—

மூதூர்க் கடற்கரை
திங்கள், இரவு 9.30

சட்டத்த யாரும் கதைக்கல்ல, அதால நான் கதைக்கன்.

ரிசானா நபீக் எங்கட ஊர்ப் புள்ள. 2005ல சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போகக்குள்ள வயசு 17. பாஸ்போட்ல கூட்டிப் போட்டு அனுப்பின. அங்க பாத்த குழந்தை செத்த வழக்கில 2013 ஜனவரி 9 சவுதியில தலைய வெட்டின. அண்டைக்கு எங்கட ஊர்ல அடுப்பு எரியல்ல. அந்த வருசமே அரசாங்கம் சட்டத்த இறுக்கின: சவுதிக்குப் போற பொம்புளைக்கு ஆகக் குறைஞ்சது 25 வயசு, மத்த மத்திய கிழக்குக்கு 23, வேற நாட்டுக்கு 21. அதோட "குடும்பப் பின்னணி அறிக்கை". அஞ்சு வயசுக்குக் கீழ புள்ள இருந்தா தாய் போகேலாது. அஞ்சுக்கு மேல எண்டா புள்ளைய ஆரு பாக்கிற எண்டு காட்டணும். வயசக் கூட்டிக் களவு செஞ்சது சப் ஏஜென்ட், செத்தது கலியாணமே கட்டாத குமர்ப்புள்ள. சட்டம் புடிச்சது தாய்மார.

எங்கட ராத்தாக்கு அந்த அறிக்கை எடுக்க நான்தான் கூட அலைஞ்ச. கிராம சேவகர், குடும்பநல மருத்துவிச்சி, பிரதேச செயலகம். ஒரு உத்தியோகத்தர் வீட்ட வந்து குசினியப் பாத்தார், கக்கூஸப் பாத்தார், உம்மம்மாட வயசக் கேட்டார், புள்ளைக்கு ஊசி போட்ட கார்டப் பாத்தார். மச்சான் முத்தத்துல கதிரை போட்டு இருந்தவர். அவரப் பாத்து ஒரு கேள்வி, "நீங்க சம்மதமா?" அவ்வளவுதான். நாளைக்கே மச்சான் கட்டாருக்குப் போக வெளிக்கிட்டா இந்த அறிக்கை ஒண்டும் வேணாம். நாலு மாசப் புள்ள இருந்தாலும் போகலாம்.

இது 2007லயும் ஒருக்கா அமைச்சரவையில வந்து, எதிர்ப்புல கைவிட்டது. 2013ல நிண்டு புடிச்சிது. பொறகு 2022ல டொலர் இல்லாம, பெற்றோலுக்கும் கேஸுக்கும் கியூவில நாடே நிக்கக்குள்ள, அஞ்சு வயசு ரெண்டு வயசாகிச்சு. புள்ளைக்கு உம்மா எத்தின வயசு மட்டும் தேவ எண்டு கணக்குப் பாத்தது டொக்டர்மார் இல்ல, மத்திய வங்கி.

தடுத்தா நிக்கிறாங்களா எண்டா, அதுவும் இல்ல. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பியூரோவில பதியாம விசிட் விசாவில போற. அப்பிடிப் போனவளுக்கு அடி விழுந்தாலும் கேக்க ஆளில்ல. 2022 கடைசியில ஓமான்ல மாட்டின பொம்புளையள்ட கதை பேப்பர்ல வந்ததுதானே.

—

காவிரிக்கரை
செவ்வாய், காலை 7.45

தமிழ்நாட்டுல இருந்து ஒரு குறுக்குச்சால். எங்க ஊர் பேப்பர்ல வாரத்துக்கு ரெண்டு தடவ வர்ற தலைப்பு: "2 குழந்தைகளின் தாய் மாயம்". கூடவே "கள்ளக்காதல்" இல்லாம அந்தச் செய்தி அச்சாகாது. நானும் நாப்பது வருசமா பேப்பர் படிக்கிறேன், "2 குழந்தைகளின் தந்தை மாயம்"னு தலைப்பு என் கண்ணுல பட்டதில்ல. ஆம்பள காணாமப் போனா அவன் பேரு டிரைவர், கொத்தனார், வியாபாரி. பொம்பள காணாமப் போனா முதல்ல குழந்தைங்கள எண்ணுவாங்க.

இன்னொரு வேடிக்கை. எங்க 1956ம் வருசத்து இந்து மைனர், காப்பாளர் சட்டத்துல குழந்தைக்கு இயற்கையான காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகுதான் அம்மா. 1999ல உச்ச நீதிமன்றம் வந்து "பிறகு"ன்னா "செத்த பிறகு"ன்னு மட்டும் அர்த்தம் இல்லன்னு விளக்க வேண்டியதாப் போச்சு. ஆனா அஞ்சு வயசு வரைக்கும் குழந்தை சாதாரணமா அம்மாகிட்டதான் இருக்கணுமாம். அங்கயும் அஞ்சு, இங்கயும் அஞ்சு. கையெழுத்து அவருக்கு, கழுவி விடறது இவளுக்கு.

பழைய கதை ஒண்ணு உண்டு, ஆதி – பகவன். பிறக்குற குழந்தைய அங்கங்கயே விட்டுட்டு வரணும்னு நிபந்தனை போட்டது பகவன். ஏழு குழந்தைங்க. ஒவ்வொண்ணையும் கீழ வச்சிட்டு ஆதி திரும்பித் திரும்பிப் பாத்தாளாம். பெத்த அன்னிக்கே குழந்தை வாய் தெறந்து, கவலப்படாம போ, படைச்சவன் பாத்துக்குவான்னு பாட்டுப் பாடிச்சாம். சின்ன வயசுல எங்க ஆத்தா சொல்லக் கேட்டப்போ அவ்வையும் வள்ளுவரும்தான் மனசுல நின்னாங்க. இப்ப யோசிச்சா, நிபந்தனை போட்ட ஆளை அந்த ஏழும் ஒரு வார்த்தை கேக்கல.

—

வந்தவள்
செவ்வாய், இரவு 10.05

எனக்கு ஐம்பத்தி மூண்டு வயசு. மட்டக்களப்பு, வாவிக்கு மேற்குப் பக்கம். லெபனான் ஒருதரம், குவைத் ரெண்டுதரம். எழுத்துப் பிழை இரிந்தா பொறுங்க, போன்ல எழுதிறன்.

கொழுந்துக்கூடை மகள், உங்கட அம்மா ஏன் அப்பிடிச் சொல்றா எண்டு கேட்டிங்க. நானும் சொன்னன். என்ட மூத்தவள் போகப் போறன் எண்டு நிண்ட நேரம் அதே சொல்லுத்தான் சொன்னன்.

நாங்க திரும்பி வந்தா ஊர் சும்மா எடுக்காது. கோயில்ல, கிணத்தடியில, சாவு வீட்டில, ஆராவது ஒரு பொம்புள கிட்ட வந்து இருந்து கேப்பா, "பிள்ளையள விட்டிட்டு எப்பிடித்தான் இரிந்தீங்களோ" எண்டு. அந்த நேரம் ஓம் அது பிழைதான், பிழை விட்டிட்டன், காசு என்ன காசு எண்டு சொல்லி அழவேணும். அப்பதான் வெத்திலத் தட்டத்தத் தள்ளி வைப்பா. நான் உழைச்சன், வீடு கட்டினன், எனக்குப் பெருமை எண்டு சொன்னா அண்டையோட சரி. பத்து வருசம் நான் பிழை பிழை எண்டு சொன்னன். சொல்லிச் சொல்லி அது வாயில ஏறிட்டு. மகள் வந்து நிண்டதும் அதுதான் முதல்ல வந்த. பொறகு இரவு நித்திரை இல்ல. நான் உண்மையா நம்பித்தான் சொன்னனா எண்டு எனக்கே தெரியல்ல.

இன்னொண்டு, இது ஒருத்தருக்கும் சொன்னதில்ல. குவைத்தில ஒரு பிள்ளையப் பிறந்த நாளில இரிந்து நாலு வயசு மட்டும் நான்தான் பாத்த. அது என்ன "மாமா" எண்டுதான் கூப்பிடும். அரபியில மாமா எண்டா அம்மா. முதல் நாள் கேட்ட நேரம் நான் சிரிச்சிட்டன், என்னடா நான் உனக்கு மாமனா எண்டு. நான் வெளிக்கிட்ட நாள் அந்தப் பிள்ளை வாசல் கம்பியப் பிடிச்சிட்டு அழுத அழுகை இன்னும் காதில கிடக்கு. ரெண்டு நாளால ஊருக்கு வாறன், என்ட சின்னவன் கதவுக்குப் பின்னால ஒளிச்சிட்டு எட்டிப் பாக்கான். கொண்டு வந்த சொக்லட்டை மேசையில வை எண்டான். கையில வாங்கல்ல.

வாத்தியார் தம்பி எழுதினது பொய்யில்ல. என்ட மூத்தவளும் எட்டாம் வகுப்போட நிண்டவள்தான். ஆனா நான் போகாட்டி படிச்சிரிப்பாளா எண்டு கேட்டா, அதையும் சொல்லேலா.

—

சுண்ணக்கட்டி
புதன், காலை 6.10

அக்கா, நன்றி. நான் எழுதியதில் கடைசி வரியைத் திரும்ப எடுக்கிறேன். அந்த மாணவியின் தாய்க்கு இதுவரை நான் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. இமோ நம்பர் பிள்ளையிடம் இருக்கிறது. தகப்பனுக்கு ஆறு கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

—

ஏழாம் நம்பர் லயம்
புதன், காலை 8.40

கூப்பிடுங்க சேர். வெள்ளிக்கெழம லீவு இருக்குமான்னு மொதல்ல கேட்டுக்கோங்க. சில வீட்டுல போன கையில கொடுக்க மாட்டாங்க.

—

உச்சிப்பிள்ளையார் படிக்கட்டு
புதன், மாலை 4.00

திருச்சிக்காரன். "தாயுமானவரு"ன்னு பேரு வச்சாங்கன்னு படிச்சதும் சும்மா இருக்க முடியல. எங்க மலைக்கோட்டை சாமிதானே.

கதை எல்லாருக்கும் தெரியும். மகளுக்குப் பிரசவ நேரம். பூம்புகார்ல இருந்து அம்மா மூட்டை முடிச்சோட கிளம்பி வர்றா, காவிரியில வெள்ளம், அக்கரையிலயே மாட்டிக்கிறா. சிவனே அம்மா வேஷத்துல போயி பிரசவம் பாக்கிறார். இதுவரைக்கும்தான் சாதாரணமாச் சொல்லுவாங்க. வெள்ளம் வடிஞ்சதும் நெஜ அம்மா வந்து வாசல்ல நிக்கிறா பாருங்க, எனக்குப் பிடிச்சது அந்த இடம்தான். எண்ணெய், மருந்துச் சாமானெல்லாம் இடுப்புலயே இருக்கு. உள்ள இன்னொரு அம்மா. மகளுக்கு யார் அம்மான்னு தெரியல.

அந்த அம்மாவ ஒருத்தரும் "விட்டுட்டுப் போனவ"ன்னு சொல்லல, நடுவுல ஆறு இருந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது. ஆனா கோயில் அவளுக்கு இல்ல. சரி, சாமிக்குப் போட்டியா பேசக்கூடாது.

—

கொழுந்துக்கூடை (இழையைத் தொடங்கியவர்)
சனி, இரவு 11.20

எல்லாருக்கும் பதில் எழுத முடியல, மன்னிச்சிருங்க. வந்தவள் அம்மா, நீங்க எழுதினத எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அம்மா அடுப்புல ரொட்டி போட்டுக்கிட்டு இருந்தாங்க. "மாமா" எடத்துல திரும்பிப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. ரொட்டி கருகிருச்சு.

நேத்து தம்பி பொஞ்சாதி பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தா. அம்மா பக்கத்துல போயி ஒக்காந்தாங்க. நான் சண்டைதான் வரப்போகுதுன்னு நெனச்சேன். பெட்டிக்குள்ள இருந்து ரெண்டு சேலைய எடுத்து வெளிய போட்டாங்க. "இது அங்க எதுக்கு? கம்பளி சட்ட வையி. வீடு முழுக்க ஏசி, தர குளிரும், நமக்கு மெத்த போட மாட்டாங்க"ன்னாங்க. பாஸ்போட் கொப்பிய ரெண்டா அடிக்கச் சொல்லி, ஒண்ண சட்ட மடிப்புக்குள்ள வச்சுத் தைக்கச் சொன்னாங்க. வேல செய்யப் போற வீட்டு மேடத்தோட நம்பர மொத நாளே தம்பிக்கு அனுப்பச் சொன்னாங்க.

அப்புறந்தான் சொன்னாங்க. "வேன் ராத்திரியிலதான் வரும். புள்ள தூங்குறப்போ போயிராத. எழுப்பு. மூஞ்சியக் கழுவி விட்டு, போறேன்னு சொல்லிட்டுப் போ. அழுவான், அழட்டும். நான் எழுப்பல."

என்னப் பாத்துச் சொல்லல. அவகிட்டதான் சொன்னாங்க. நான் கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன்.

அப்பா எப்பவும் போல வெளிய ஒக்காந்து பேரனுக்கு நகம் வெட்டிக்கிட்டு இருந்தாரு. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்து, "தாத்தா இருக்காரு, என்ன கொற"ன்னுட்டுப் போனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு தம்பி உள்ள வந்து அம்மாகிட்ட, சோறு குழையாம எப்படி வடிக்கிறதுன்னு கேட்டான்.

—

நடுச்சாமம்
சனி, இரவு 11.48

வேன் எப்ப வருது?

—

கொழுந்துக்கூடை (இழையைத் தொடங்கியவர்)
சனி, இரவு 11.55

செவ்வாக்கெழம, ராத்திரி ரெண்டு மணிக்கு. அம்மா போன்ல ஒன்னரைக்கே அலாரம் வைக்கச் சொல்லியிருக்காங்க.